யாழ்ப்பாணம் மாறிவிட்டதா?

2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல் முடிவு வந்ததிலிருந்து ஒரே பேச்சு, யாழ்ப்பாணம் மாறிவிட்டது என்று. ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி எடுத்தது. தெற்கைத் தளமாகக் கொண்ட ஒரு கட்சி யாழ் தேர்தல் மாவட்டத்தில் முதலிடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தமிழ்த் தேசியம் முடிந்தது, இனப்பிரச்சினையும் அதோடு முடிந்தது என்று கொழும்பில் சிலர் எழுதினார்கள். ஆறு மாதம்கூடப் போகவில்லை. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் யாழ் மாவட்டத்துச் சபைகளில் பெரும்பாலானவற்றில் தமிழரசுக் கட்சி முதலிடத்துக்கு வந்தது. உடனே மற்றப் பக்கம் தொடங்கிவிட்டது: சனம் வீட்டுக்குத் திரும்பிவிட்டது, நவம்பரில் நடந்தது ஒரு காய்ச்சல், அவ்வளவுதான்.

இந்த இரண்டு பேச்சையும் யாழ்ப்பாண முஸ்லிம்களாகிய நாங்கள் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரு தேர்தலை வெல்லவோ தோற்கவோ வைக்கும் எண்ணிக்கை எங்களிடம் இல்லை. ஆனால் இந்த ஊர் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது எங்களைப் போலச் சிறிய தொகையினரைத்தான் முதலில் தொடும். 1990-ல் அது எப்படித் தொட்டது என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆகவே கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் சரித்திரமும் பார்ப்போம்.

முதலில் கணக்கு. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி யாழ் மாவட்டத்தில் எடுத்தது 80,830 வாக்குகள். செல்லுபடியான வாக்கில் அது 25 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. தமிழரசுக் கட்சிக்கு 63,327. கஜேந்திரகுமாரின் காங்கிரசுக்கும் அருச்சுனாவின் சுயேச்சைக் குழுவுக்கும் ஏறக்குறைய 28 ஆயிரம் படி. அப்படியென்றால் நான்கில் ஒரு பங்கு வாக்குக்கு ஆறில் மூன்று ஆசனம் எப்படிக் கிடைத்தது? எங்கள் விகிதாசார முறையில் முதலிடம் வரும் கட்சிக்கு ஒரு மேலதிக ஆசனம் உண்டு. 5 வீதத்தைத் தொடாத கட்சிகளின் வாக்குகள் கணக்கிலிருந்து கழிக்கப்படும். மிச்சத்தை ஐந்தால் பிரித்து, முழுதாக வருவதற்கு ஒன்று, பெரிய மீதிக்கு ஒன்று என்று போகும். மேலதிகம் ஒன்று, முழுதாக ஒன்று, மீதிக்கு ஒன்று: மூன்று. தமிழ்க் கட்சிகள் ஒரே பட்டியலில் நின்றிருந்தால் அந்த மேலதிக ஆசனம் அவர்களுடையது. ஆளுக்கொரு சின்னத்தில் நின்றார்கள், மேலதிக ஆசனம் கைமாறியது. நான்கில் மூன்று பங்கினர் வேறு யாருக்கோ வாக்களித்த ஒரு மாவட்டத்தைப் பார்த்து மதம் மாறிவிட்டது என்பது போலப் பேசுவது கணக்குக்குப் பொருந்தாது.

இன்னொரு விஷயத்தையும் பலர் கவனிக்கவில்லை. அதற்கு முந்திய 2020 தேர்தலில் அங்கஜன் இராமநாதன் நின்ற சிறீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 49,373 வாக்கு, டக்ளஸ் தேவானந்தாவின் ஈ.பி.டி.பி.க்கு 45,797 வாக்கு. இரண்டையும் கூட்டினால் 95 ஆயிரம். அதாவது கொழும்பு அரசோடு சேர்ந்து வேலையும் வீதியும் கொண்டுவருவோம் என்ற அரசியலுக்கு யாழ்ப்பாணத்தில் நான்கில் ஒரு பங்கு வாக்கு ஏற்கெனவே இருந்தது. 2024-ல் அந்த இரண்டு பேருக்கும் ஆசனம் இல்லை. 1994-லிருந்து தொடர்ந்து பாராளுமன்றத்தில் இருந்த டக்ளஸ் வெளியே போனார். அந்த வாக்குகள் எல்லாம் ஒன்றுவிடாமல் திசைகாட்டிக்குப் போயின என்று சொல்ல முடியாது. தமிழரசின் பழைய வாக்காளர் வீட்டு இளம் பிள்ளைகளும் அங்கே போனார்கள், அதை வகுப்பறையிலேயே கேட்டோம். ஆனாலும் பெரும் பகுதி பழைய குளத்துத் தண்ணீர் என்பதுதான் எங்கள் கணிப்பு.

உண்மையான சரிவு வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 2013 வட மாகாண சபைத் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் 84 வீதத்துக்கு மேல் எடுத்தது. 2015-ல் 69 வீதம். 2020-ல் 31. 2024-ல், கூட்டமைப்பு உடைந்து தமிழரசு தனியாக நின்றபோது, 19. அநுர குமார திசாநாயக்க என்ற பெயர் யாழ்ப்பாணத்தில் யாருக்கும் பெரிதாகப் படாத காலத்திலேயே கூட்டமைப்பு தன் வாக்கில் பாதிக்கு மேல் இழந்திருந்தது. 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில்கூட அநுரவுக்கு யாழ் மாவட்டத்தில் 27,086 வாக்குத்தான், 7 வீதம். இரண்டு மாதத்தில் அது மூன்று மடங்கானது. அவர் ஜனாதிபதியானதால் வந்த வாக்கு அது. வெல்கிற அரசோடு ஒருமுறை இருந்து பார்ப்போமே என்ற எண்ணம் எங்கள் தெருவிலும் இருந்தது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

இனிச் சரித்திரம். யாழ்ப்பாணம் என்றால் அசையாத ஊர், ஒரு கட்சிக்கு ஆயுள் சந்தா கட்டிய ஊர் என்று ஒரு படம் உண்டு. அது சரியல்ல. 1947-ல் யாழ்ப்பாணத் தொகுதியில் அருணாசலம் மகாதேவாவைத் தோற்கடித்தார் ஜீ.ஜீ. பொன்னம்பலம். மகாதேவா ஐக்கிய தேசியக் கட்சிக்காரர், கொழும்போடு நின்றவர். அடுத்த வருஷமே ஜீ.ஜீ. டி.எஸ். சேனாநாயக்கவின் அமைச்சரவையில் போய் உட்கார்ந்தார். அதை எதிர்த்துப் பிரிந்த செல்வநாயகமும் வன்னியசிங்கமும் நாகநாதனும் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். சரி, அடுத்த தேர்தலில் சனம் தமிழரசின் பின்னால் திரண்டதா? இல்லை. 1952-ல் அக்கட்சிக்கு முழு நாட்டிலும் இரண்டே ஆசனம், கோப்பாயும் திருகோணமலையும். காங்கேசன்துறையில் செல்வநாயகமே தோற்றார். யாரிடம்? ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளர் நடேசனிடம். ‘தந்தை செல்வா’ என்று இன்று நாம் சொல்லும் மனிதரை அவருடைய சொந்தத் தொகுதி பச்சைக் கட்சிக்காகத் தோற்கடித்திருக்கிறது. இதைச் சொன்னால் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் நம்புவதில்லை, புத்தகத்தை எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

நான்கு வருஷம் கழித்து அதே காங்கேசன்துறை அதே செல்வநாயகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. 1956-ல் தமிழரசுக்குப் பத்து ஆசனம். இடையில் செல்வநாயகம் மாறவில்லை, அவர் பேச்சும் மாறவில்லை. தெற்கில் இரண்டு பெரிய கட்சிகளும் ‘சிங்களம் மட்டும்’ என்று சொன்னதுதான் நடந்தது. அதே 1956-ல் பருத்தித்துறை மக்கள் கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவைத் தெரிவு செய்தார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1960 மார்ச்சில் யாழ்ப்பாணத் தொகுதி அல்பிரட் துரையப்பாவைச் சுயேச்சையாக அனுப்பியது. இது அசையாத ஊரின் பதிவேடு அல்ல.

ஆனால் அசைவுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. கொழும்போடு பேசி வாங்கித் தருகிறோம் என்று யார் போனாலும், வெறுங்கையோடு திரும்பினால், அடுத்த தேர்தலில் அடி விழும். ஜீ.ஜீ. அமைச்சராகக் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையையும் கொண்டுவந்தவர், அவை வெறுங்கை அல்ல. மொழியிலும் பிரசாவுரிமையிலும்தான் அவர் கை வெறுமையாக இருந்தது. 1956-ல் அவர் தன் ஆசனத்தைக் காப்பாற்றினார், கட்சியைக் காப்பாற்ற முடியவில்லை. 1965-ல் தமிழரசு டட்லி சேனாநாயக்கவோடு ஒப்பந்தம் செய்து அரசில் சேர்ந்தது. மாவட்ட சபை வருமென்றார்கள், வரவில்லை. 1970-ல் அமிர்தலிங்கம் வட்டுக்கோட்டையில் தோற்றார், நாகநாதன் நல்லூரில் தோற்றார். 2015-லிருந்து கூட்டமைப்பு ரணில்–மைத்திரி அரசுக்கு முட்டுக்கொடுத்தது, புதிய யாப்பு வருமென்றது, வரவில்லை. 2020-ல் 69 வீதம் 31 ஆனது. மூன்று தலைமுறை, மூன்று கட்சி, ஒரே தண்டனை.

இந்தக் கோட்டில் வைத்தால் 2024-ம் 2025-ம் ஒன்றோடொன்று முரண்படவில்லை. தேசிய மக்கள் சக்திக்கும் அதே கணக்குப் புத்தகம்தான் திறக்கப்பட்டது. காணி விடுவோம் என்று சொன்னார்கள். 2024 நவம்பர் முதலாம் திகதி, தேர்தலுக்கு இரண்டு கிழமைக்கு முன், வசாவிளானிலிருந்து பலாலி வீதி 34 வருஷத்துக்குப் பிறகு திறந்தது. அதைப் பார்க்கப் போன சனத்தின் முகத்தை யாரும் மறக்கமாட்டார்கள். அதே அரசின் கீழ் 2025 மார்ச் 28-ல் வடக்கில் 5,940 ஏக்கர் காணிக்கு உரிமைகோருங்கள், மூன்று மாதத்துக்குள் கோராவிட்டால் அரச காணி என்று வர்த்தமானி வந்தது. உறுதி தொலைந்தவர், வெளிநாட்டில் இருப்பவர், இந்தியாவில் முகாமில் இருப்பவர் மூன்று மாதத்தில் என்ன செய்வார்? எதிர்ப்புக் கிளம்பி, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டு, அரசு அதை மீளப்பெற்றது. ஆனால் மே மாதத் தேர்தல் அதற்கு முன்பே வந்துவிட்டது. காணியின் பேரில் வந்த வாக்கு காணியின் பேரிலேயே போனது. வடக்கையும் கிழக்கையும் பிரித்த 2006-ம் ஆண்டு உயர் நீதிமன்ற வழக்கின் பின்னால் ஜே.வி.பி. நின்றதையும் இங்கே யாரும் மறக்கவில்லை. மறந்தது போல ஒரு நவம்பரில் நடந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

ஆகவே கட்சிக்கு வாக்கு மாறும், பலமுறை மாறியிருக்கிறது. கேட்பது மாறவில்லை: காணி, மொழி, தன் ஊரைத் தான் ஆளும் அதிகாரம். 1977-ல் அது தனிநாடு என்ற உருவம் எடுத்தது, பிறகு ஆயுதம் எடுத்தது, 2009-க்குப் பின் மீண்டும் வாக்குப் பெட்டிக்கு வந்தது. அதைத் தருகிற கட்சி தெற்கிலிருந்து வந்தாலும் யாழ்ப்பாணம் ஏற்கும் என்றே தோன்றுகிறது. 2024-ல் உண்மையாகவே உடைந்த ஒன்று உண்டென்றால், தெற்குக் கட்சியின் பெயருக்கு நேரே புள்ளடி போடுவதில் இருந்த கூச்சம். அது இனி முழுதாகத் திரும்பி வராது.

இவ்வளவும் வெளிப்பக்கம். யாழ்ப்பாணத்தைப் பழமைபேணும் ஊர் என்று சொல்லும்போது நாம் கட்சியை மட்டுமா சொல்கிறோம்? ‘கந்தபுராண கலாசாரம்’ என்று பண்டிதமணி பெருமையோடு சொன்ன அந்த உள்வீடு இருக்கிறதே, அது மாறுகிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு வாக்கு வீதம் பதில் சொல்லாது.

அமெரிக்காவின் தென்மாநிலங்கள் இதற்கு நல்ல உதாரணம். உள்நாட்டுப் போருக்குப் பின் ஏறக்குறைய நூறு வருஷம் அவை ஜனநாயகக் கட்சியின் கோட்டை. 1964-ல் அக்கட்சியின் ஜனாதிபதி ஜோன்சன் கறுப்பின மக்களுக்கான சிவில் உரிமைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அந்த வருஷமே ஆழ்தெற்கின் ஐந்து மாநிலங்கள் குடியரசுக் கட்சிக்குப் போயின, மற்றவை பின்னால் மெதுவாகப் போயின. வரைபடத்தில் நிறம் தலைகீழானது. வெள்ளையர் பலர் கட்சியை மாற்றியதே தங்கள் பழைய நிலையை மாற்றாமல் இருக்கத்தான்.

எங்கள் ஊரில் அரசியல் தீவிரமும் சமூகப் பழமையும் ஒரே உடம்பில் வசதியாக இருந்திருக்கின்றன. 1920-களின் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு எல்லாருக்கும் வாக்குரிமை என்றபோது அதை எதிர்த்தவர் சேர் பொன். இராமநாதன். அந்தக் காலத்திலேயே மறுபக்கம் ஹன்டி பேரின்பநாயகமும் வாலிபர் காங்கிரசும் சாதிக்கும் சீதனத்துக்கும் எதிராகப் பேசினார்கள், 1927-ல் காந்தியை அழைத்து வந்தார்கள், முழுச் சுதந்திரம் தராத யாப்பு வேண்டாம் என்று 1931 தேர்தலைப் பகிஷ்கரித்து வடக்கின் நான்கு ஆசனங்களை வெறுமையாக்கினார்கள். பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக உட்கார வேண்டும் என்ற உத்தரவு வந்தபோது யாழ்ப்பாணத்தில் பாடசாலைகள் எரிந்தன. வாலிபர் காங்கிரஸ் மங்கியது. பாடசாலையை எரித்த மனம் மங்கவில்லை. இலங்கை ஆசிரியர்களுக்கு இது பாடத்திட்டத்தில் இல்லாத பாடம்.

1968-ல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் தாழ்த்தப்பட்டவர்கள் உள்ளே போகக் கேட்டு நின்றபோது குறுக்கே நின்றவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர், தமிழரசுக்கு முன்பே தனி ஈழம் பேசியவர். தமிழனுக்குத் தனிநாடு கேட்டவர் தமிழனைக் கோயிலுக்குள் விடவில்லை. சங்கானையில் தேநீர்க் கடையில் சமமாகக் குடிப்பதற்கே போராட வேண்டியிருந்தது. அதை நடத்தியவர்கள் இடதுசாரிகள். பெரிய தமிழ்க் கட்சி ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து ஒருவரை உடுப்பிட்டியில் நிறுத்திப் பாராளுமன்றம் அனுப்பியது 1977-ல்தான். 1947-லிருந்து எண்ணினால் முப்பது வருஷம்.

எங்கள் சங்கதியும் இதே உள்வீட்டைச் சேர்ந்தது. 1990 ஒக்டோபர் 30-ல் சில மணி நேரத்தில் விடுதலைப் புலிகள் எங்களை வெளியேற்றினார்கள். அது ஆயுதம் செய்தது, வாக்கு செய்யவில்லை என்பது உண்மை. அயலவர் அழுததும் உண்மை. ஆனால் 1994 தேர்தலைப் பாருங்கள். குடாநாடு புலிகளின் கையில், வாக்களிப்பு 3 வீதம்கூட இல்லை. ஈ.பி.டி.பி. பத்தாயிரத்துச் சொச்ச வாக்கோடு ஒன்பது ஆசனம் எடுத்தது, அது எல்லாரும் பேசும் கதை. பத்தாவது ஆசனத்தை எடுத்தது முஸ்லிம் காங்கிரஸ், இரண்டாயிரத்துச் சொச்ச வாக்கில். யாழ் மாவட்டத்து உறுப்பினராகப் போனவர் டொக்டர் இல்யாஸ். அகதியாகப் புத்தளத்தில் கிடந்த எங்கள் பெற்றோர், கால் வைக்க முடியாத ஊருக்கு ஒரு உறுப்பினரைத் தெரிவு செய்தார்கள். அதே இல்யாஸ் 2024 ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளராக நின்று, வாக்களிப்புக்கு முன்பே மௌத்தானார். வாக்குச்சீட்டில் அவர் பெயர் இருந்தபடி இருந்தது.

திரும்பி வந்த பிறகு எங்களுக்கு அரசியலில் கிடைத்த இடம் என்ன? 2013-ல் கூட்டமைப்பு தனக்குக் கிடைத்த இரண்டு மேலதிக ஆசனங்களில் ஒன்றை அஸ்மின் அய்யூப்புக்குக் கொடுத்தது. அது நல்ல காரியம், நன்றியோடுதான் சொல்கிறோம். ஆனால் கொடுக்கப்பட்ட இடத்துக்கும் வென்ற இடத்துக்கும் வித்தியாசம் உண்டு. கொடுத்தவர் அடுத்தமுறை கொடுக்காமலும் விடலாம். தேசிய மக்கள் சக்தி வந்தபோது எங்கள் இளைஞர் பலர் அதன் பக்கம் போனதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே ‘சோனகர்’ என்று தனிப் பாய் விரிக்கவில்லை, எல்லாரோடும் ஒரே பாய் என்றார்கள். அந்தப் பாயும் எவ்வளவு பெரிது என்று இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது. 2024-ல் யாழ் மாவட்டத்திலிருந்து தெரிவான ஆறு பேரும் ஆண்கள், புதிய கட்சியின் மூவரும் சேர்த்து. 1998-லேயே சரோஜினி யோகேஸ்வரனை மாநகர முதல்வராக்கிய நகரம் இது. சில வாரங்களில் அவரைச் சுட்டுக் கொன்றதும் இதே நகரத்தில்தான்.

இரண்டு பிழையான வாசிப்பும் சேர்ந்து செய்யும் தீங்கு இங்கேதான் வருகிறது. யாழ்ப்பாணம் மாறிவிட்டது என்று கொழும்பு நம்பினால், அதிகாரப் பகிர்வைத் தள்ளிப்போட அதுவே சாட்டு. யாழ்ப்பாணம் திரும்பிவிட்டது என்று தமிழரசு நம்பினால், 84-லிருந்து 19-க்கு ஏன் இறங்கினோம் என்று யோசிக்கத் தேவையில்லை, கதவைப் பழையபடி சாத்திக்கொள்ளலாம். முதலாவதில் தமிழருக்கு நட்டம். இரண்டாவதில் தமிழருக்குள்ளே கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்கும் எங்களுக்கும் நட்டம்.

வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2017-ல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் கொண்டுவந்தார்கள், எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் தோற்கடித்தது, பழைய முறைக்கும் போகாமல் புதிய முறைக்கும் வராமல் சபை பூட்டிக் கிடக்கிறது. அநுர அரசும் நடத்துவோம் என்கிறது. அது எப்போது நடந்தாலும், முடிவு வரும் இரவுக்கு முன்பே நாங்கள் பார்க்கப்போவது வேட்புமனுப் பட்டியல்களை. எந்தக் கட்சி யாரை வெல்லக்கூடிய இடத்தில் போட்டிருக்கிறது, யாரைப் படத்துக்குப் போட்டிருக்கிறது, சோனகர் தெருப் பெயரும் சங்கானைப் பெயரும் ஒரு பெண்ணின் பெயரும் அதில் எங்கே நிற்கின்றன என்று.